அரை ஸ்டெப் இறக்கினால்தான் 'வுட்?'

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ராக் வாசிக்கிற பலரும் சர்ச் கொயரில் கைபழகி வந்தவர்கள். சியாட்டில் ராக் குழுவான ஆலிஸ் இன் செயின்ஸின் 'வுட்?' பாட்டை எடுத்ததும் அவர்கள் முதலில் தேடுவது கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை. தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. இந்தப் பாட்டின் கனம் பாஸ் கிட்டாரிலும் டிரம் செட்டின் டாம்களிலும் இருக்கிறது.

1992-ல் வந்த 'சிங்கிள்ஸ்' படத்தின் பாட்டு இது. நிர்வானா குழுவை உலகம் கண்டுகொள்வதற்கு முன்பே, 1991-ல், இயக்குநர் கேமரன் குரோ அமெரிக்காவின் சியாட்டிலில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார். அதனால்தான் அந்த ஊர் பேண்டுக்காரர்கள் அதில் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி வந்து போகிறார்கள். ஆலிஸ் இன் செயின்ஸ் கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல் இதை எழுதியது, அதே ஊரின் மதர் லவ் போன் குழுப் பாடகர் ஆண்ட்ரூ உட்டை நினைத்து. உட் 1990 மார்ச்சில், 24 வயதில், ஹெராயினால் செத்துப்போனார். அந்தக் குழுவில் மிஞ்சியவர்களில் இருவர் பிறகு பேர்ல் ஜாம் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களும் இதே படத்தில் இருக்கிறார்கள். ஒரு தெருவுக்குள் நடந்த சாவு மாதிரிதான்.

கிட்டாரின் ஆறு கம்பியையும் அரை ஸ்டெப், அதாவது ஒரு ஃபிரெட் அளவு, சுருதி இறக்குங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். மெல்லிய 9 செட் போட்டிருந்தால் கம்பி தொளதொளத்து ஃபிரெட்டில் இரையும். அதைவிடத் தடித்த 10–46 செட் போடுங்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் என்றால் ஒரு கம்பியை இறக்கும்போது மற்றவை ஏறும். மூன்று நான்கு சுற்று ட்யூன் செய்து, பின்பக்க ஸ்பிரிங் ஸ்குரூவையும் அதற்கேற்பச் சரிசெய்தால்தான் நிலைக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசு அப்பி, கம்பி செத்த சத்தம் போடும்.

அடுத்த வில்லங்கம் கீபோர்டு. இந்தப் பாட்டுக்கு, சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸை மைனஸ் ஒன்றில் வைத்துவிட்டு, திருப்ப மறந்தால் அடுத்த பாட்டு நாறிவிடும். அந்த அடுத்த பாட்டுக்கு, கிட்டாரின் முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் பழைய சுருதி வந்துவிடும். பாஸ்காரர் பாவம், எல்லாவற்றையும் ஒரு ஃபிரெட் தள்ளி வாசிக்க வேண்டும். திறந்த கம்பி உதவாது.

பாட்டைத் திறப்பது பாஸ்தான். ஆம்ப்பும் சீரியல் பல்பும் ஒரே லைனில் இருந்தால் அந்த இடத்தில் 'ஙொய்' என்ற இரைச்சல் அப்பட்டமாகக் கேட்கும். திருவிழா மேடையில் மைக்செட்காரரிடம் தனி லைன் கேட்டு வாங்குங்கள். டிரம்மர் ஹை-ஹாட்டை விட்டு டாமில் உருட்ட வேண்டும். அந்தக் குழுவின் டிரம்மர் ஷான் கின்னியின் கை அங்கேதான் இருக்கிறது.

குரலில் கொயர் பழக்கம் கைகொடுக்கும். சரணத்தை கான்ட்ரெல் அடக்கிப் பாடுகிறார், கோரஸில் குழுவின் பாடகர் லேன் ஸ்டேலி பிளக்கிறார். ஒரே ஆள் இரண்டையும் பாடினால் சப்பென்று ஆகிவிடும். இரண்டு பேரை நிறுத்துங்கள், ரிவெர்பைக் குறையுங்கள்.

கடைசிக் கேள்வியோடு பாட்டு வெட்டினாற்போல் நிற்கும். கல்யாண மேடைப் பழக்கத்தில் ரோல் போட்டு முடிக்காமல், சிம்பலை அடித்த கையோடு பிடித்து அமுக்கிவிடுங்கள்.