மலைக்கோட்டை உச்சியில் ஒரு கொலு

முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மலைக்கோட்டை வாசலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "நூத்தம்பது கொடுங்க சார், ஒன்வே, சுத்தித்தான் போகணும்" என்றார். தோளில் கேமரா பை தொங்கினாலே நம் நெற்றியில் விலைச்சீட்டு ஒட்டியது மாதிரிதான். வெயிலுக்குப் பயந்து ஏறிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து உச்சியில் நின்று பார்க்கிறேன்: ஏறிய இடம் அதோ, இறங்கிய இடம் இதோ. பொடிநடையாக வந்திருக்கலாம்.

நான் போனது டில்ட்-ஷிஃப்ட் படம் எடுக்க. உயரத்திலிருந்து எடுத்த ஊர்ப் படம், நவராத்திரிக் கொலுவில் கீழ்ப்படியில் பரப்பி வைக்கும் பூங்கா மாதிரித் தெரியுமே, அதுதான். கொலுப் பூங்காவில் என்னென்ன இருக்கும்? ஒரு தெப்பக்குளம், ஒரு கோயில், ஒரு ரயில், நாலைந்து கார். மலைக்கோட்டைக்குக் கீழே இவை எல்லாமே இருக்கின்றன, கூடுதலாக ஒரு ஊசிக் கோபுரத் தேவாலயமும்.

இந்த வித்தை நடப்பது லென்ஸில் பாதி, நம் மூளையில் பாதி. சின்னப் பொருளைக் கிட்டப் போய் எடுத்தால் மெல்லிய பட்டை மட்டும் தெளிவாக இருக்கும். முன்னும் பின்னும் கலங்கிவிடும். அதைப் பார்த்துப் பழகிய கண், பெரிய ஊரின் படத்திலும் அதே கலங்கலைக் கண்டால் பொம்மை என்று ஏமாந்துவிடுகிறது. லென்ஸைச் சென்சாருக்கு, அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டுக்கு, நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் (தெளிவாக விழும் அந்தப் பட்டை) கூடவே சாயும். இதன் கணக்கை 1904இல் காப்புரிமை ஆக்கியவர் தியோடர் ஷெய்ம்ஃப்ளக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. வானிலிருந்து எடுத்த கோணல் படங்களை வரைபடத்துக்காக நேராக்கப் பார்த்தார் மனிதர். நாம் அதை வைத்து ஊரைப் பொம்மையாக்குகிறோம்.

சாய்க்கவும் (டில்ட்) நகர்த்தவும் (ஷிஃப்ட்) முடிகிற லென்ஸை 35 மி.மீ. கேமராவுக்குக் கேனான் 1973இலேயே கொண்டுவந்துவிட்டது. இன்றைக்குக் கேனானில் புதிதாக ஒன்று வாங்க ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். வாடகைக்கு விசாரித்தால், ஒரு நாள் வாடகை என் மொத்தப் பயணச் செலவைத் தாண்டியது. ஆகவே ஏழையின் வழி: லென்ஸைக் கழற்றி, கேமரா வாய்க்கு முன்னால் கையாலேயே சாய்த்துப் பிடிப்பது. வீட்டுத் தொட்டிச் செம்பருத்தியில் பழைய 50 மி.மீ. லென்ஸை வைத்துப் பழகினேன். அபாரமாக வந்தது. அந்தத் திமிரில்தான் கிளம்பினேன்.

நானூறுக்கு மேல் படி. ஏறும் வழியில் பெரும்பகுதி கூரை போட்ட, குகை மாதிரியான படிக்கட்டு. லென்ஸை விட்டுக் கேமராவையே சாய்த்து எடுக்க இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. படிகளின் சரிவு படத்தில் கிடைமட்டமாகும் வரை கேமராவைத் திருப்பினேன். ஏறுகிறவர்கள் எல்லாரும் புயல்காற்றில் முன்னால் சாய்ந்து நடக்கிறவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்! எதிர்ப்பக்கம் திருப்பினால் அதே படிக்கட்டு செங்குத்துப் பாறையாக நிமிர்கிறது. 1920களிலேயே ரஷ்யாவில் ரோட்சென்கோ என்ற புகைப்படக்காரர் இப்படிக் கோணலாக எடுத்துத் தள்ளியிருக்கிறார். ஆனால் சும்மா ஐந்து டிகிரி சாய்க்காதீர்கள். கை ஆடிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை, பெண் படத்தைச் சாய்த்து வைக்கிறார்களே, அதற்கும் காரணம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. இடத்தில் ஒரு சரிவு இருந்தால்தான் சாய்த்ததற்கு அர்த்தம்.

தாயுமானவர் சன்னதியைத் தாண்டி உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் கடைசிப் படிகள் வெட்டவெளிப் பாறை. செருப்பு கீழே. மணி பதினொன்றரை. தவளை மாதிரி தாவித் தாவிப் போனேன்.

மேலே 83 மீட்டர் உயரத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் காவிரி, அதற்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். காலடியில் தெப்பக்குளம், நடுவில் மண்டபம், பக்கத்தில் லூர்து மாதா தேவாலயம். ஆவலாக லென்ஸைக் கழற்றிச் சாய்த்தேன். எல்லாமே கலங்கல். முன்னால் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், மொத்தத் திருச்சியும் மோர்க்குழம்பு. கழற்றிய லென்ஸ் சென்சாரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விடுவதால் தூரத்துக் காட்சிக்கு ஃபோகஸே வராது, கிட்டத்தில் இருப்பதற்கு மட்டும்தான் வரும் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. செம்பருத்தி ஒத்துழைத்தது அதனால்தான். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், கண்ணாடி உள்ள எஸ்.எல்.ஆர். கேமராவின் பழைய லென்ஸைப் பிடித்தால் நடுவில் இடம் கிடைக்கும், தூரமும் வரும். என்னிடம் இருப்பது கண்ணாடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். போதாக்குறைக்கு இவ்வளவு நேரமும் திறந்த வாயோடு அந்தக் காற்றில் நின்றிருக்கிறது.

சரி என்று லென்ஸை மாட்டி நேராகவே எடுத்தேன். அறைக்குத் திரும்பிக் கணினியில் மேலும் கீழும் மங்கலாக்கி, நிறத்தைத் தூக்கினேன். பொம்மை வந்துவிட்டது! மஞ்சள் ஆட்டோக்கள் கடையில் பத்து ரூபாய்க்கு விற்பவை மாதிரியே இருந்தன. தேவாலயம் மட்டும் காட்டிக்கொடுத்தது. அதன் அடி தெளிவு, உச்சி மங்கல். நிஜ பொம்மைக் கோபுரமாக இருந்தால் அடியும் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே தூரம், இரண்டும் தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்? கோபுரத்தை மட்டும் தனியாக வெட்டி மங்கலிலிருந்து காப்பாற்ற ஒரு மணி நேரம் ஆனது.

மதியம் கீழே ஒரு சந்தில் மெஸ். 120 ரூபாய். வாழை இலை, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, கீரை மசியல், இரண்டாவது தடவை கேட்காமலே அப்பளம். பரிமாறிய அம்மா, "என்ன தம்பி, மலையேறிட்டு வந்தியா, காலைப் பாரு" என்று சொல்லி மோர் ஒரு சொம்பு வைத்தார். ஆட்டோக்காரர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கியது.

சாயங்காலம் ஸ்ரீரங்கம். 236 அடி, 1987இல் முடித்த ராஜகோபுரம். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் இரு பக்கத்து வீடுகளும் அதன் மேல் சாய்ந்து விழும். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகுவதால் அதில் கோணல் தெரியாது, வீடுகள்தான் மாட்டிக்கொள்ளும். ஷிஃப்ட் லென்ஸ் இதைத்தான் நிமிர்த்தும். காசில்லாதவன் செய்ய வேண்டியது: தெருவில் நன்றாகப் பின்னால் போய், கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, கீழ்ப்பாதித் தார்ச்சாலையை வெட்டி எறிவது. பாதி மெகாபிக்சல் போகும், போகட்டும்.

அப்புறம், செலவுக் கணக்கு. ஆட்டோ 150, சாப்பாடு 120, ஸ்ரீரங்கம் போக வர டவுன் பஸ் சில்லறை, அறை 900. கடைசியில் எதிர்பாராதது ஒன்று: சென்சாரில் படிந்த தூசியைத் துடைக்க 800. இன்னும் கொடுக்கவில்லை. அதனால் ராஜகோபுரப் படத்தில் இடது மேல் மூலையில் தெரிவது பருந்து இல்லை.