இந்த ஆண்டுக்கான சேமிப்புக் கட்டணம்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து வரும் குறுஞ்செய்தி இந்த ஆண்டும் தவறாமல் வந்துவிட்டது. சோதனைக்குழாய் குழந்தை சிகிச்சையில் உருவாகி, உறைநிலையில் இருக்கும் எங்களுடைய இரண்டு கருக்களை மேலும் ஓராண்டு சேமித்து வைக்க வேண்டுமானால் கட்டணத்தைச் செலுத்தும்படியும், வேண்டாமென்றால் நேரில் வந்து எழுதிக் கொடுக்கும்படியும் அதில் இருந்தது.

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஊசி மருந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிய நாட்களின் முடிவில், எனக்குக் கருமுட்டைகள் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டன. வயிறு வீங்கியிருந்த நிலையில் கருவை உடனே கருப்பையில் வைத்தால் வீக்கம் முற்றிவிடும் என்பதால், உருவான நான்கு கருக்களையும் உறைய வைத்துவிடலாம் என்றார் மருத்துவர்.

உறைய வைப்பது என்றதும் எனக்குத் தேயிலைதான் நினைவுக்கு வந்தது. உறைபனி விழுந்த இரவுக்குப் பிறகு வெயில் ஏற ஏறக் கொழுந்து கருகிப்போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நாற்றுகளை மிலார் செடியால் மூடி வைக்கும் ஊரில், உறைய வைத்துக் காப்பாற்றுவது என்ற பேச்சு எப்படி நம்பும்படியாக இருக்கும்? ஆய்வகத்தில் கருக்களைக் கையாளும் நிபுணரான எம்பிரியாலஜிஸ்ட் பெண்ணிடம் இதைக் கேட்டேவிட்டேன். செல்லுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டிப் படிகமாவதுதான் ஆபத்து என்றும், அதனால் நீரின் பெரும்பகுதியை வெளியேற்றி அந்த இடத்தில் பாதுகாப்புத் திரவத்தை ஏற்றி, படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் கருவை நொடிப்பொழுதில் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திவிடுவார்கள் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். விட்ரிஃபிகேஷன் எனப்படும் இம்முறையில் கரு பனிக்கட்டியாகாமல் கண்ணாடியைப் போல இறுகி, மைனஸ் 196 டிகிரியில் அப்படியே நின்றுவிடுகிறது. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதால் தொட்டியை அவ்வப்போது நிரப்ப வேண்டும்; நாங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது அத்தை சற்று யோசித்துவிட்டு, “நம்ம மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவரு, புகை வர்ற கேன் ஒண்ணைத் திறப்பாரே, அது மாதிரியாம்மா?” என்று கேட்டார். நான் படித்த எந்தக் கையேடும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அதே நைட்ரஜன்தான், அத்தை.

முதலில் வைத்த கரு தங்கவில்லை. இரண்டாவது கரு என் மகள். ஐந்தாம் நாளில், மணல்துகளைவிடச் சிறியதாக, நூறு செல்கள் அளவில் உறைந்தவள். மீதி இரண்டும் அவள் உருவான அதே நாளில் உருவானவை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

உறைய வைக்கும் முன் எங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தில், மீதியாகும் கருக்களை என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. கருமுட்டைகளை எடுப்பதற்காக மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்று முன்பு, மற்ற தாள்களோடு தாளாக அதையும் நீட்டினார்கள். பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வியை அப்படிக் கேட்டது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். கருக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமிக்கக் கூடாது என்றும், அதன்பின் அவற்றை அழியவிட வேண்டும் அல்லது தம்பதியின் ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குத் தர வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் சொல்வதைப் பின்னர் நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் கணக்கில் 2032 வரை நேரம் இருக்கிறது.

இன்னொரு குழந்தை வேண்டாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆராய்ச்சிக்கே கொடுத்துவிடலாம் என்று கணவர் சென்ற ஆண்டே சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுப்பதற்கு என்னிடம் காரணமும் இல்லை. நேற்று இரவு அவர் மறுபடியும் கேட்டார். “இந்த வருஷம் மட்டும் கட்டிடுங்க” என்றேன்.