புலிமுகச் சிலந்திக்கு இரண்டு கிழமை வீடு

மாங்குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கூரையை ஆவணி மாதம் பிரித்தபோது, முதிரை வளையொன்றின் பொந்துக்குள்ளிருந்து விரித்த கையளவு புலிமுகச் சிலந்தியொன்று, அதாவது மரத்தில் வாழும் டரன்டுலாவொன்று, வெளியே வந்தது. ஓடாவியார் ஓங்கிய தடியை அம்மாதான் தடுத்தார். வாயகன்ற போத்தலொன்றைக் கவிழ்த்து நான் அதைப் பிடித்தேன்.

வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர், இவ்வினம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, வளர்க்க முடியாது, மறுநாள் மாலை தாமே வந்து காட்டோரத்தில் விடுவதாகத் தொலைபேசியில் கூறினார். 2012 இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட பொயிசிலோதீரியா ராஜேய் என்ற புலிமுகச் சிலந்தி எங்கள் மாங்குளப் பகுதியிலும் காணப்பட்டது என்பதால், அவர் இதனைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஓர் இரவுக்கு எதற்குத் தனி ஏற்பாடு என்று நினைத்து, போத்தல் மூடியில் நான்கு துளை போட்டு, வெக்கையாக இருக்குமென்று தண்ணீரும் தெளித்து வைத்தேன். மதியத்துக்குள் உட்புறம் முழுவதும் ஆவி படிந்து சிலந்தியே தெரியாமற்போனது. கனடாவில் தென்னமெரிக்க மரவாழ் டரன்டுலா ஒன்றை வளர்க்கும் தம்பிக்குப் படம் அனுப்பினேன். அவன் உடனே அழைத்து, "அண்ணை, தண்ணியைவிடக் காத்துத்தான் முக்கியம். புழுக்கத்திலதான் இதுகள் சாகிறது" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல, அரிசி போட்டு வைக்கும் ஒளிபுகும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றை நிமிர்த்தி வைத்தேன். மரத்தில் வாழ்வதற்கு அகலத்தைவிட உயரமே தேவை. சூடாக்கிய ஆணியால் ஒரு பக்கத்தின் கீழ்ப்பகுதியிலும் எதிர்ப்பக்கத்தின் மேற்பகுதியிலும் சிறு துளைகள் இட்டபோது, காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறியது. அடியில் இரண்டு அங்குலத் தும்புத்தூள், ஒரு மூலையில் மட்டும் ஈரம். சாய்த்து நிறுத்திய பாலைமரப் பட்டை. சோடாப்போத்தல் மூடியில் தண்ணீர். கதவைப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னதன் காரணம் பின்னரே விளங்கியது: இச்சிலந்திகள் உச்சியில்தான் வலை பின்னும், மேல்மூடியைத் திறந்தால் அவற்றின் வீடே கிழிந்துவிடும். தம்பியின் சிலந்தி சாது. எங்களுடையதோ மின்னல்வேகத்தில் ஓடும், கடித்தால் நோவும் தசைப்பிடிப்பும் நாட்கணக்கில் நிற்கும். ஆகவே நீண்ட தூரிகையால் மெதுவாகத் தூண்டியே மாற்றினேன்.

மறுநாள் மாலை உத்தியோகத்தர் வந்தபோது, பட்டைக்குப் பின்னால் அது தன்னைப் பட்டிழையால் மூடிக்கொண்டிருந்தது. போட்டிருந்த கரப்பானையும் தொடவில்லை. தோலுரிக்கப் போகிறது, அசைத்தால் ஊனமாகும் என்று தம்பி எச்சரித்தான். கரப்பானை உடனே எடுத்துவிட்டேன், ஏனெனில் தோலுரிக்கும் சிலந்தியால் ஒரு பூச்சியைக்கூட எதிர்க்க முடியாது. பொறுத்து விடுவோம் என்று உத்தியோகத்தரும் ஒத்துக்கொண்டார்.

தம்பிக்குத் தெரியாத இரு தொல்லைகள் எங்கள் வன்னி வீட்டில் இருந்தன. ஒன்று எறும்பு, சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோல, பெட்டியை ஸ்ரூலின்மேல் வைத்து நான்கு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினேன். மற்றது நுளம்புத்திரி, அதன் புகை நுளம்பையும் சிலந்தியையும் வேறுபடுத்தாது என்பதால், இரண்டு கிழமை நாங்கள் வலைக்குள் படுத்தோம். பகலில் தகரக் கொட்டிலின் சூடு படாமல், ஓலைத் தாழ்வாரத்தில் சோளகக் காற்று நேரடியாக வீசாத இடத்தில் பெட்டி இருந்தது.

நான்காம் நாள் காலை, பட்டைக்கு அடியில் முழு உருவத்தோடு பழைய தோல் கிடந்தது. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது புதிய பற்கள் பால்போல் வெண்மையாக இருந்தன. அவை சிவந்து, பின்னர் கறுத்து இறுகும்வரை உணவு கொடுக்கவில்லை, தண்ணீர் மட்டும் மாற்றினேன். பற்கள் கறுத்தபின் பிடித்துப் போட்ட கரப்பானை இரவோடிரவாகத் தின்று முடித்தது.

பதினான்காம் நாள் மைம்மலில், உத்தியோகத்தர் காட்டிய முதிய பாலைமரத்தின் பொந்தருகே பட்டையோடு சாய்த்து வைத்தோம். ஐந்து நிமிடம் அது அசையவேயில்லை. பிறகு ஒரு காலை நீட்டி மரத்தைத் தொட்டது. அடுத்த கணம் பட்டை வெறுமையாக இருந்தது. மூன்று நாள் கழித்து டோர்ச்சுடன் போனபோது, பொந்தின் விளிம்பில் இரண்டு முன்னங்கால்கள் மட்டும் தெரிந்தன.