திருகோணமலைக் கடலில் கிடைத்த பித்தளை உறையை இனங்கண்ட விதம்

திருகோணமலைக்கு வெளியே சித்தப்பாவின் வலையில் ஏறிய பித்தளைக் குழாய், பழைய பீரங்கித் தோட்டாவின் உறை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. யாரும் அதைத் தட்டவோ துலக்கவோ இடங்கொடாமல் பொலிஸுக்கு அறிவித்தோம். வெடிபொருள் அகற்றும் பிரிவினர் வந்து, அடிப்பகுதியின் நடுவிலுள்ள, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் சுடும்போது ஊசி குத்திய பள்ளம் இருப்பதையும், உறைக்குள் வெடிமருந்து எஞ்சவில்லை என்பதையும் உறுதிசெய்து, தொல்லியல் அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்வரை எங்கள் பொறுப்பில் விட்டார்கள். முனையில் குண்டு செருகியபடி கிடைப்பது எத்தனை ஆண்டு உப்புநீரில் கிடந்தாலும் வெடிக்கலாம். குண்டில்லாத உறையிலும் சுடப்படாத பிரைமர் இருக்கலாம் என்பதால், இந்தச் சோதனைக்கு முன் வேறெதையும் செய்யக் கூடாது.

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுடையது இது என்றே ஊரில் எல்லாரும் நம்பினார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனாலும் உறை சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி உப்பை இறக்கினோம். உறையில் ஒட்டி வளர்ந்திருந்த கொட்டலசு என்ற ஓட்டுயிரிகளை மரக்குச்சியாலும் மென்மையான தூரிகையாலும் மட்டுமே அகற்றினோம். அமிலமும் கம்பித் தூரிகையும் அடியிலுள்ள முத்திரை எழுத்துகளை அழித்துவிடும். கடலில் துத்தநாகம் கரைந்து செம்பு நிறமேறிய இடங்களில் பித்தளை அத்தனை மெலிந்திருக்கும்.

வாயின் உள்விட்டம் வெர்னியர் அளவியில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் வந்தது. ஆனால் அந்த விட்டத்தில் பிரித்தானியர் பயன்படுத்திய பீரங்கிகள் ஒன்றல்ல என்பதால், நீளம்தான் வழிகாட்டியது. கப்பல்களிலிருந்த 'பொம்-பொம்' பீரங்கியின் உறை 158 மில்லிமீட்டர். போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் உறை 311. தரைப்படையின் இரண்டு பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் உறை 304. பின்னிரண்டும் நெருங்கியவை என்பதால், அரிக்கப்பட்ட விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் அளந்தேன். அதிகம் கெடாத பக்கத்தில் 310ஐத் தாண்டியது. அரிப்பு நீளத்தைக் குறைக்குமே தவிர கூட்டாது. ஆகவே இது போஃபர்ஸ்.

பிறகு அடிப்பகுதியில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தும் முத்திரைகளைப் படித்தேன். பிரித்தானிய அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும் 1943 என்ற ஆண்டும் தெளிந்தன. முந்தைய ஆண்டே மூழ்கிய கப்பலில் இந்த உறை இருந்திருக்க முடியாது. 1944 தொடக்கத்தில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை திருகோணமலைக்குத் திரும்பி, ஏப்ரலில் அங்கிருந்தே, சுமாத்திராவுக்கு அருகே ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டது; அந்தக் காலத்துக்கு ஆண்டு பொருந்துகிறது. சுட்டபின் கப்பலின் மேல்தளத்தில் விழும் வெற்று உறைகள் கடலுக்குள்ளும் போனதுண்டு என்பதால், உறை கிடைத்த இடத்தில் கப்பல் மூழ்கியிருக்க வேண்டும் என்பதில்லை.

ஒப்படைத்தபோது எழுதிக் கொடுத்த குறிப்பில் பீரங்கியின் வகை, ஆண்டு, அளவுகள், முத்திரைப் படங்கள் ஆகியவற்றோடு, சித்தப்பா வலை இழுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் ஆழத்தையும் சேர்த்தோம். கப்பலின் பெயரை மட்டும் எழுதவில்லை. அதே இடத்தில் இன்னும் உறைகள் கிடைத்தால், அவை எந்தக் கப்பலுடையவை என்று தேட அந்தப் புள்ளி உதவும்.