கோத்தகிரி ஜீப்புக்குப் பின்பம்பரும் டிரெய்லர் கொக்கியும்

நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வேலை ஒருவழியாக ஓடும் நிலைக்கு வந்திருக்கிறது. வண்டி பழைய மகேந்திரா எம்.எம். 540. அதன் பின்னால் மாட்ட ஓர் ஒற்றை அச்சு டிரெய்லர். வியாபாரத்துக்கு இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து தோட்டத்துக்கு எரு ஏற்றிவரவும், என் தச்சு வேலைக்குப் பலகை கொண்டுவரவும்தான். டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதனால் ஆர்.சி. இருப்பதாகப் பார்த்து, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தே வாங்கினேன்.

முதலில் செய்த பம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு அங்குல சி-சேனல், நடுவில் ஓட்டை, அதில் டிரெய்லர் மூக்கிலுள்ள கப் வந்து பூட்டிக்கொள்ளும் கொக்கிக் குண்டு, மேலே இரண்டு கோட்டிங் கறுப்புப் பெயின்ட். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. பட்டறை பாயிடம் காட்டினேன். அவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை, குனிந்து அடியில் பார்த்தார்.

"பம்பர் எதுல நிக்குது தம்பி?"

"ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு போல்ட், பாய்."

"அப்போ டிரெய்லரை இழுக்கப் போறது அந்த நாலு போல்ட்டா?"

பேசிக்கொண்டே மூன்றடி பைப் ஒன்றைக் குண்டின் கழுத்தில் கட்டி, ஒரு கையால் மேலே தூக்கினார். சேனல் துணி பிழிவதுபோல முறுகியது. கையை விட்டதும் பழையபடி நின்றது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஒரு பக்கம் திறந்த சி-சேனல் பாரத்தைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. குண்டோ பம்பரின் நடுக்கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. பிரேக் அடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அது பம்பரை முறுக்கத்தான் பார்க்கும்.

இரண்டாவது முறை பம்பரையும் கொக்கியையும் பிரித்துவிட்டோம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் இரண்டு நீளக் கால்களுக்கும் குறுக்கே நான்கு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய் ஒன்று, இரண்டு முனையிலும் 8 மி.மீ. பிளேட், பக்கத்துக்கு நான்கு 12 மி.மீ. போல்ட். தலையில் 8.8 என்ற உறுதித் தர எண் குத்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினேன். சேஸிஸில் வெல்டிங் கிடையாது என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார். பற்றவைத்த சூட்டில் அந்த ஓரம் பிற்பாடு விரிசல் விடும். ஓட்டையும் சேஸிஸ் காலின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ போடவில்லை, வளையும் பாரம் முழுக்க அங்கேதான் வருகிறது. நிற்கும் பக்கச் சுவரில் மட்டும் போட்டோம்.

குறுக்குக் குழாயின் நடுவில் 60 மி.மீ. சதுரக் குழாய், அதற்குள் செருகி எடுக்கும், குண்டு தாங்கும் தண்டு, அதைப் பூட்டக் குறுக்கே 16 மி.மீ. பின். வேலை இல்லாதபோது கழற்றி வைத்துவிடலாம், முழங்காலில் இடிக்காது. சதுரக் குழாயின் உள்ளே வெல்டிங் தையல் ஒன்று மேடாக ஓடும் என்பது எனக்குத் தெரியாது. தண்டு பாதியில் நின்றது. பட்டை அரத்தோடு ஒன்றரை மணி நேரம். வீட்டில் மதியச் சோறு ஆறிப்போனதற்கு இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

குண்டு விஷயத்தில்தான் பெரிய கண்டம் தப்பியது. டிரெய்லரின் கப் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. நான் வாங்கிய குண்டு 50 மி.மீ. மாட்டினால் டக்கென்று பூட்டிக்கொள்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. லேத்துக்காரர் வெர்னியர் வைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. இரண்டும் கொஞ்சம் தேய்ந்தபின் ஒரு பள்ளத்தில் கப் துள்ளி வெளியே வந்துவிடும். குண்டை மாற்றினேன். ராணுவ ஜீப்புகளில் இருக்கும் வளையக் கொக்கியும் யோசனையில் இருந்தது. கரடுமுரடான பாதையில் அது நன்றாகத் திரும்பிக்கொடுக்கும். ஆனால் வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே இடைவெளி உண்டு, மலைப்பாதையில் கியர் மாற்றும்போதெல்லாம் முதுகில் குத்தும். எனக்குத் தார்ச்சாலை ஓட்டம்தான் அதிகம், குண்டே போதும்.

அப்புறம் பம்பர். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிகளில் கூடுதலாக மாட்டும் இரும்புத் தடுப்புகளான க்ராஷ் கார்டுகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியதிலிருந்து, கனமாக எதையும் துருத்திக்கொண்டு வைக்க எனக்கு மனசில்லை. வண்டியின் அகலத்துக்குள் அடங்கும் மெல்லிய பம்பர்தான் வைத்தேன். அதையும் ஒருமுறை வெட்ட வேண்டியிருந்தது. பந்து மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துச் சுற்றியபோது டிரெய்லரின் முக்கோணச் சட்டம் பம்பரின் இடது முனையில் இடித்தது. சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு முனைகளையும் சாய்வாக அறுத்தோம். கொண்டை ஊசி வளைவில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மைதானத்துக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் சமதரை வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். டிரெய்லர் மூக்கு குண்டின்மேல் எவ்வளவு பாரம் வைக்கிறது என்று பார்க்க, வீட்டு எடை மெஷினை மூக்குக்கு அடியில் வைத்தேன். மொத்தம் 400 கிலோ, மூக்கில் 18 கிலோதான். மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அடுக்கியதுதான் தப்பு, இப்படி ஓட்டினால் டிரெய்லர் வாலாட்டும். இரண்டு எரு மூட்டையை முன்னால் நகர்த்தியதும் 41 ஆனது. பத்தில் ஒரு பங்கு, சரி.

சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டியிருக்கிறேன். கப் கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் தொட்டில் மாதிரி விழும். லைட்டுக்கு ஏழு பின் சாக்கெட். எர்த் ஒயரைத் தனியாக இழுத்துவிடுங்கள். கிரீஸ் பூசிய குண்டு வழியாக எர்த் வரும் என்று நம்பினால், பனிமூட்டத்தில் பின்விளக்கு மினுக்கும்.

போன ஞாயிறு முதல் ஓட்டம். காலி டிரெய்லரோடு இறங்கி, பாதி பாரத்தோடு ஏறினேன். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லை. ஏறும்போது தெரியாத பாரம் இறங்கும்போது முதுகைத் தள்ளும், முழுப் பாரத்தோடு இறங்குவதாக இல்லை. இறக்கம் முழுக்க இரண்டாம் கியர். போல்ட் எதுவும் அசையவில்லை, வளைவுகளில் பம்பரும் இடிக்கவில்லை.

திரும்பி வரும்போது குஞ்சப்பனை தாண்டியதும் முன்னால் போன பஸ் நின்றது. பலாப்பழ சீசன், ரோட்டோரத்தில் யானை. பஸ் மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. நானும் ரிவர்ஸ் போட்டேன். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் டிரெய்லர் எதிர்ப்பக்கம் மடங்கிக்கொண்டு பள்ளத்தின் பக்கமே போகிறது. பின்னால் நின்ற பிக்கப்காரர் இறங்கி ஓடிவந்து, "அண்ணே, கழட்டி விடுங்க, கையால தள்ளிக்கலாம்" என்றார். தண்டின் குறுக்குப் பின்னை உருவப் போனேன், பாரத்தில் இறுகியிருந்தது, வரவில்லை. நல்லவேளை, யானை தானாகவே சரிவில் இறங்கிவிட்டது.

இந்த வாரம் பின்னுக்குப் பெரிய வளையக் கைப்பிடி வைக்கிறேன். அடுத்த ஞாயிறு மைதானத்தில் ரிவர்ஸ் மட்டும்.