டப்பாவின் முன்பக்கத்திலேயே எழுதினால் என்ன?

போன வாரம் ஒரு நொறுக்குத்தீனி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மக்காச்சோள மாவு, தாவர எண்ணெய், சோயா லெசித்தின் என்று பொடிப்பொடியாக எல்லாம் இருந்தது, அந்தச் சோளமும் சோயாவும் மரபணு மாற்றப்பட்டவையா என்பது மட்டும் இல்லை. சாப்பிட எனக்குப் பயம் கிடையாது. சந்தையில் இப்போது இருப்பவை பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை, அவற்றால் உடலுக்குக் கெடுதல் வர வாய்ப்பு குறைவு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டது உறுத்தியது. இந்த உறுத்தலை "மக்களுக்கு அறிவியல் புரியவில்லை" என்று தள்ளிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம்.

1996ல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். மரபணு மாற்றிய தக்காளியில் செய்த விழுது டப்பாவில் விற்பனைக்கு வந்தது. எதையும் ஒளிக்கவில்லை, மரபணு மாற்றிய தக்காளி என்று லேபிளிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். சாதாரண விழுதைவிட விலையும் மலிவு. ஜனங்கள் தாராளமாக வாங்கினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அதே ஆண்டு மார்ச்சில், மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அரசாங்கம், பைத்திய மாட்டு நோய்க்கும் மனிதர்களுக்கு வந்த மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. உணவு விஷயத்தில் அரசாங்கம் சொல்வதை ஜனங்கள் நம்புவது குறைந்துபோனது. ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து மரபணு மாற்றிய சோயா, சாதாரண சோயாவோடு கலந்து, எந்த அடையாளமும் இல்லாமல் ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியது. எது எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை. எதிர்ப்பு கிளம்பி, 1999ல் நேர்மையாக லேபிள் ஒட்டிய அந்தத் தக்காளி டப்பாவும் கடையை விட்டுப் போனது. ஒருத்தர் மறைத்ததற்கு இன்னொருத்தர் விலை கொடுத்தார்.

ஐரோப்பிய ஒன்றியம் அதிலிருந்து பாடம் கற்றது என்றுதான் சொல்வேன். 2003ல் கொண்டுவந்த விதிப்படி, தவிர்க்க முடியாமல் கலந்தது ஒரு சேர்மானத்தில் 0.9 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம், அதைத் தாண்டினால் லேபிள் கட்டாயம். எண்ணெய் விஷயம்தான் சுவாரசியம். சுத்திகரித்த சோயா எண்ணெயில் டிஎன்ஏவும் புரதமும் அநேகமாக மிஞ்சாது, ஆய்வகத்தில் கொடுத்தாலும் எந்தச் செடியின் எண்ணெய் என்று சொல்வது கஷ்டம். அப்படியும் லேபிள் வேண்டும் என்கிறார்கள், அதற்காக விதையிலிருந்து டப்பா வரை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஆவணம் வைக்கச் சொல்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் வாங்குகிறவர் கேட்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் இல்லை, எப்படி விளைந்தது என்பதையும்தான். அதே ஐரோப்பாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகள் தயாரிக்கும் நொதியால் உறைய வைத்த சீஸுக்கு லேபிள் தேவையில்லை. அங்கே மட்டும் ஏன் விட்டார்கள்? பதப்படுத்த உதவும் பொருள் என்ற காரணம் எனக்குப் போதவில்லை.

லேபிள் ஒட்டினால் ஜனங்கள் மிரண்டு ஓடுவார்கள் என்பது கம்பெனிகளின் பழைய வாதம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2016 ஜூலை 1ல் லேபிளைக் கட்டாயமாக்கியது, அதற்கு முன்னும் பின்னும் மக்களின் மனநிலையை ஆய்வாளர்கள் கேட்டறிந்து 2018ல் வெளியிட்டார்கள். மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் அங்கே மரபணு மாற்றிய உணவுக்கு எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, கண்ணெதிரே எழுதி வைத்ததைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் அந்தச் சட்டம் ஒரு மாதம்கூட முழுசாக நிற்கவில்லை. ஜூலை 29ல் மத்திய சட்டம் வந்து அதைச் செல்லாததாக்கிவிட்டது. 2022 ஜனவரியில் கட்டாயமான அதன் விதிகளில் கலப்புக்கு 5 சதவீதம் வரை இடம் உண்டு, மரபணுப் பொருள் கண்டுபிடிக்க முடியாத எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு கொடுத்தார்கள். ஜிஎம்ஓ, அதாவது மரபணு மாற்றிய உயிரி, என்று எல்லோருக்கும் பழகிய பெயரை விட்டுவிட்டு "பயோஎன்ஜினியர்டு" என்ற சொல்லை வைத்தார்கள். அதையும் எழுத விருப்பமில்லாத கம்பெனி ஒரு க்யூஆர் கோடைப் போட்டால் போதும் என்றார்கள். மறுபடியும் செல்போனை எடுக்க வேண்டியதுதான்.