ஜனதாவை அனுப்பினேன், வேறொரு ஜனதா திரும்பி வந்தது

பணம் நேற்று வந்துவிட்டது. முழுப் பணம் இல்லை. 3,400 ரூபாய்க்கு விற்ற கடிகாரத்துக்கு 2,710 ரூபாய். மீதியை விற்பனைத் தளத்தினர் கமிஷன், அனுப்பும் செலவு என்று கழித்துக்கொண்டார்கள். கடிகாரம் திரும்ப வரவில்லை, இனி வரவும் வராது. இருந்தாலும் ஐந்து வாரம் தூக்கத்தைக் கெடுத்த விவகாரம் ஒருவழியாக முடிந்தது. பழைய பொருட்களை இணையத்தில் விற்கும் யாருக்காவது ஒரு வீண் அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய ஹெச்எம்டி கடிகாரங்களை வாங்கி, பழுது பார்த்து விற்பது எனக்குப் பக்கத் தொழில். 2016 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகு, பீரோ மூலையில் சாவி கொடுக்க ஆளில்லாமல் கிடந்த ஜனதா, பைலட் மாடல் கடிகாரங்களை ஆட்கள் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பவர்களும் பெருகினார்கள். தூரத்தில் பார்த்தால் அசலும் பெயின்ட் அடித்ததும் ஒன்றுதான். விலையில் மட்டும் நல்ல வித்தியாசம். என் கதைக்குக் காரணமே அந்த வித்தியாசம்தான்.

இணைய விற்பனைத் தளத்தில் விற்பனையாளர் கணக்குத் திறந்ததில் சிக்கல் எதுவும் இல்லை. ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு, பான் கார்டு, நான்கே நாள். (மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி பதிவில்லாமல் விற்கச் சலுகை உண்டு. எனக்கு வடநாட்டு வாடிக்கையாளர்களே அதிகம், அதனால் அது பயன்படவில்லை.) முதல் முப்பது கடிகாரங்கள் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தன. அந்தத் தைரியத்தில்தான் அசட்டையாக இருந்துவிட்டேன்.

வெள்ளை டயல் ஜனதா ஒன்று. அசல் டயல், ஸ்டீல் செயின். பொருள் போய்ச் சேர்ந்த ஆறாம் நாள், "டயல் அசல் இல்லை, விவரத்தில் சொன்னபடி இல்லை" என்று வாங்கியவர் திருப்பி அனுப்பக் கோரிக்கை போட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விவரத்தின் கடைசி வரியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே! அந்த வரிக்குக் காலணா மதிப்பில்லை என்று அன்றுதான் தெரிந்தது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. வாங்கியவர் தேர்ந்தெடுத்த காரணம் சரியாக அதுதான். விஷயம் தெரிந்த ஆள்.

சரி, வந்தால் வரட்டும், வேறொருவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பார்சல் ஒரு சனிக்கிழமை வந்தது. நான் வெளியே போயிருந்தேன். அம்மா அதை வாங்கி, ஏதோ மருந்து வந்திருக்கிறது என்று நினைத்து, அரிவாள்மனையில் வைத்து நாடாவை அறுத்துத் திறந்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்தபோது டப்பா குப்பைக் கூடையிலும் கடிகாரம் சாப்பாட்டு மேசையிலும் இருந்தன.

கையில் எடுத்ததுமே எடை இடித்தது. ஸ்டீல் செயினுக்குப் பதில் ரெக்சின் பட்டை. டயலில் எழுத்துகளின் ஓரம் மை ஊறியது போல் தடித்திருந்தது. அதுவும் ஜனதாதான்; என் ஜனதா இல்லை.

இந்த இடத்தில் நான் வரிசையாக மூன்று தவறுகள் செய்தேன். ஆத்திரத்தில் அன்றிரவே புகார்ப் பக்கத்தைத் திறந்து, காரணப் பட்டியலில் "சேதமடைந்து வந்தது" என்பதை அழுத்தினேன். அதற்கு மூன்று வரி கீழே "வேறு பொருள் திரும்பி வந்தது" என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அனுப்பும்போது எடுத்த வீடியோவை இணைத்தேன். அது இரண்டு துண்டாக இருந்தது, லேபிள் ஒட்டும் நேரத்தில் ஒரு போன் வந்ததால் நிறுத்தி மறுபடி எடுத்தது. விவரம் எழுதும் பெட்டியில் என் நேர்மையைப் பற்றியும் முப்பது கடிகாரங்களைப் பற்றியும் ஒரு கட்டுரையே எழுதினேன்.

இருபது நிமிடத்தில் நிராகரிப்பு வந்தது. மனிதர் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. பார்சலைத் திறக்கும் வீடியோ இல்லை, அனுப்பிய வீடியோவில் தொடர்ச்சி இல்லை, தேர்ந்தெடுத்த காரணத்துக்கும் ஆதாரத்துக்கும் பொருத்தமில்லை. மேல்முறையீட்டுக்கு இரண்டு வாய்ப்பு. கெடு ஏழு நாள், அதுவும் பொருள் என் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. கூரியர்காரர்கள் வியாழக்கிழமையே "ஒப்படைக்கப்பட்டது" என்று போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை வந்த பார்சலுக்கு வியாழனிலிருந்து கணக்கு.

உதவி அரட்டையில் நான்கு பேரிடம் பேசினேன். நால்வரும் "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று தொடங்கினார்கள், நால்வரும் ஆர்டர் எண்ணை முதலிலிருந்து கேட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தால், அது வாங்குபவர்களுக்கானது, நீங்கள் விற்பவர் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. நான்தான் பதற்றத்தில் அழைத்துவிட்டேன்.

அப்போதுதான் எடை ஞாபகம் வந்தது. ஸ்டீல் செயினோடு போன பார்சலும் ரெக்சின் பட்டையோடு வந்த பார்சலும் ஒரே எடை இருக்க முடியாது. கூரியர்காரர்கள் இரண்டையும் நிறுத்திருப்பார்கள். எங்கள் ஊர்க் கிளையில் கேட்டால், "விவரம் எல்லாம் மதுரை கிடங்கில்தான் சார் இருக்கும்" என்றார் அங்கிருந்த பையன். அரை நாள் விடுப்புப் போட்டு, திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி, புறவழிச்சாலை ஓரத்துக் கிடங்கைத் தேடிப் பிடித்துப் போனேன். வாசலிலேயே முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரண்டுமே அரை கிலோவுக்குள் சார். அதற்குள் எவ்வளவு இருந்தாலும் ஒரே கட்டணம், கிராம் கணக்கு எங்களிடம் இல்லை." திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைக்கவில்லை.

தபால் அலுவலகக் கவுண்டரில் ஸ்பீட் போஸ்ட் அனுப்பினால் ரசீதில் கிராம் கணக்கில் எடை அச்சாகி வரும். நேரடியாக விற்கும் கடிகாரங்களை இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன். தளத்தின் மூலம் விற்றால் அவர்கள் சொல்லும் கூரியர்தான். அதில் நமக்குத் தேர்வில்லை. அதனால் வீட்டிலேயே சின்னத் தராசு ஒன்று வாங்கி, ஒட்டி முடித்த டப்பாவை வீடியோவிலேயே நிறுத்துக் காட்டுகிறேன்.

வழி பிறந்தது பாயின் கடையில். எனக்குக் கடிகாரம் பழுது பார்த்துத் தருகிறவர், எழுபது வயதைத் தாண்டியவர். திரும்பி வந்த கடிகாரத்தை அவர் மேசையில் வைத்துக் கதையைச் சொன்னேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, டயலைக்கூடப் பார்க்காமல், கடிகாரத்தைத் திருப்பிப் பின்மூடியைத் திறந்தார். மெஷினையும் பார்க்கவில்லை. மூடியின் உட்புறத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.

"தம்பி, இது நான் மூடிய கடிகாரம் இல்லை."

பழுது பார்த்து முடித்ததும் மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தேதியைக் கீறி வைப்பது பழைய கடிகாரக்காரர்களின் வழக்கம். மறுபடி அதே கடிகாரம் வந்தால் எப்போது கை வைத்தோம் என்று தெரிய வேண்டுமே. பாய் தேதிக்குக் கீழே ஒரு சாய்கோடும் போடுவார். திரும்பி வந்த மூடியில் மூன்று கீறல்கள் இருந்தன. ஒன்று இந்தி எழுத்து, ஒன்று 98 என்று வருடம், இன்னொன்று படிக்க முடியாத கிறுக்கல். பாயின் சாய்கோட்டைக் காணோம்.

"நீ விற்கப் போடும்போது உள்ளே படம் எடுப்பாயே?" என்றார்.

எடுத்திருந்தேன். அதைவிட முக்கியம், அந்தப் படத்தை விற்பனைப் பக்கத்திலேயே ஐந்தாவது படமாக ஏற்றியிருந்தேன். மெஷின் சுத்தமாக இருப்பதைக் காட்ட எடுத்த படம்; ஓரத்தில் கழற்றி வைத்த மூடி, அதில் பாயின் தேதியும் கோடும் பளிச்சென்று தெரிந்தன. என் போனில் இருக்கும் வீடியோவை நம்ப மாட்டோம் என்கிறார்கள், சரி. விற்பனைக்கு முன்பே அவர்களுடைய தளத்தில் ஏறியிருந்த படத்தை என்ன சொல்லித் தள்ளுவார்கள்?

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. இந்த முறை கட்டுரை எழுதவில்லை. ஆறே வரி. காரணம்: வேறு பொருள். விற்பனைப் பக்கத்தின் ஐந்தாம் படத்தைப் பாருங்கள், மூடியில் இன்ன தேதி. திரும்பி வந்ததில் அது இல்லை, படம் இணைப்பு. செயினும் மாறியிருக்கிறது, இரண்டாம் படத்தைப் பாருங்கள். குப்பைக் கூடையிலிருந்து மீட்ட டப்பாவின் லேபிள் படம் இது. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்தேன். அதற்கும் முதலில் நிராகரிப்புத்தான் வந்தது. கடைசி வாய்ப்பில் அதே ஆறு வரியை அனுப்பி, மேலே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "தயவுசெய்து ஐந்தாம் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்." பதினேழு நாள் சத்தமே இல்லை. பிறகு பணம் வந்தது.

இப்போது வீட்டில் ஒரு சட்டம். நான் இல்லாதபோது பார்சல் வந்தால் அம்மா அதைப் பூஜை அறையில் வைத்துவிட வேண்டும், திறக்கக் கூடாது. திறக்கும்போது முதலில் லேபிள் எண்ணைக் காட்டி, நாடா ஒட்டிய டப்பாவின் ஆறு பக்கத்தையும் காட்டி, வீடியோவை நிறுத்தாமல் உள்ளே இருப்பது வரை போவேன். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுத்தான் எடுப்பது. நாடா ஏற்கெனவே பிரிந்திருந்தால், கூரியர் பையனிடம் ஓடிபி சொல்வதற்கு முன்பே படம் எடுத்துவிடுகிறேன். பையன்கள் அவசரப்படுத்துவார்கள், நிற்கட்டும். திரும்பி வந்த விற்பனைக்குக் கிரெடிட் நோட் (ஜிஎஸ்டி கணக்கில் அந்த விற்பனையைக் கழிக்கும் சீட்டு) போடுவதையும் தள்ளிப்போடுவதில்லை, இல்லாவிட்டால் வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டியிருக்கும்.

அந்த ரெக்சின் பட்டை ஜனதா என்னிடமே தங்கிவிட்டது. பாய் எண்ணெய் போட்டு ஓட வைத்துக் கொடுத்தார், மூடியில் தன் சாய்கோட்டையும் போட்டுவிட்டார். "டயல் அசல் அல்ல, பெயின்ட் அடித்தது" என்று முதல் வரியிலேயே எழுதி, டயலுக்கு மட்டும் மூன்று படம் சேர்த்து, 900 ரூபாய்க்கு விற்பனைக்கு ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் ஒருவர் கேள்வி அனுப்பினார்: "டயல் அசலா சார்?"